இசை விழாவில் எங்கே சாப்பிடுவது? பெண்கள் மேசைக்கு வந்த கதை

மார்கழி பிறப்பதற்கு முன்பே, சென்னை இசை விழாவுக்குப் புறப்படும் நம் பழைய மாணவிகளிடமிருந்து இரண்டு கேள்விகள் வந்துவிடும். யாருடைய கச்சேரி எந்தச் சபாவில் என்பது ஒன்று. அங்கே எங்கே சாப்பிடுவது என்பது மற்றது. முதற் கேள்விக்குப் பத்திரிகைகளும் சபாக்களின் நிகழ்ச்சி நிரல்களும் விடை தந்துவிடும். இரண்டாவதை நாம் சிரித்துக்கொண்டே கேட்போம், சிரித்துக்கொண்டே பதிலும் சொல்வோம். இசை கேட்கப் போகிறவர்கள் வடையைப் பற்றி விசாரிப்பதா என்ற கூச்சம் அந்தச் சிரிப்பில் இருக்கிறது.

கூச்சப்பட ஒன்றுமில்லை. ஒரு பெண் வீட்டை விட்டு வெளியே வந்து ஒரு கச்சேரியை முதலிலிருந்து முடிவு வரை கேட்க வேண்டுமானால், பசிக்கும்போது உட்கார்ந்து சாப்பிட அவளுக்கு ஓர் இடம் வேண்டும். ஆண்களுக்கு அந்த இடம் எப்போதும் இருந்தது. நமக்கு அது பிந்தித்தான் கிடைத்தது. நமது சங்கம் நூறு ஆண்டைக் காணும் இந்த வேளையில் அந்தக் கதையைச் சொல்லி வைப்பது பொருத்தம். சென்னையின் இசை விழாவுக்கும் நமது சங்கத்துக்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான்.

நம் ஊர் இரவுகள்

சென்னைக்குப் போகுமுன் செங்கலடியில் இருந்தே தொடங்குவோம். பதுளை வீதி வந்து திருகோணமலை வீதியோடு சேரும் இந்தச் சந்தியைச் சுற்றியுள்ள ஊர்களில், சபா என்ற சொல் வருவதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே விடியும் வரை பாடி ஆடும் வழக்கம் இருந்தது. வடமோடி, தென்மோடிக் கூத்துகள் வட்டக்களரியில் மாலையில் தொடங்கி மறுநாள் காலை வரை நடக்கும். மத்தளமும் சல்லரியும் ஒலிக்க அண்ணாவியார் பாட்டெடுப்பார். ஊரே பாய்களோடு வந்து களரியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு. ஆடி அமாவாசையில் மாமாங்கம். அதன் பின் சித்தாண்டி, கொக்கட்டிச்சோலை, மண்டூர் என்று திருவிழாக்கள் வரிசையாக வரும்.

அந்த இரவுகளில் யார் எங்கே சாப்பிட்டார்கள்? ஆண்கள் எழுந்துபோய் வீதியோரத் தேத்தண்ணிக் கடையில் வெறும் தேத்தண்ணியும் வாய்ப்பனும் சாப்பிட்டு வருவார்கள். பெண்கள் அந்தக் கடைக்குள் போவதில்லை. தடையென்று எவரும் எழுதி வைத்ததில்லை. எழுதி வைக்கும் தேவையும் இருக்கவில்லை. நம் அம்மாமார் பொழுது சாயுமுன் சமைத்து, வீட்டில் இருப்பவர்களுக்குப் போட்டு வைத்து, பிட்டையோ சோற்றையோ கட்டி எடுத்துக்கொண்டு வருவார்கள். பிள்ளைகளுக்குத் தீத்திய பின் மிஞ்சினால் அவர்கள் சாப்பாடு. கோழி கூவுமுன் எழுந்து வீடு திரும்பி அடுப்பு மூட்ட வேண்டும். கூத்தின் கடைசிக் காட்சியை எத்தனை அம்மாமார் முழுதாகப் பார்த்தார்கள் என்று கேட்டால், நம் வீடுகளிலேயே விடை கிடைக்கும். களரியில் ஆடியவர்களும் அந்நாளில் ஆண்களே. திரௌபதியாகவும் சுபத்திரையாகவும் சேலை கட்டி வந்தவர்கள் நம் மாமன்மாரும் அண்ணன்மாரும்தான்.

அந்தத் திருவிழாக்களில் காசு வாங்கி உணவு விற்ற பெண்களும் இருந்தார்கள். அரிக்கன் லாம்பின் வெளிச்சத்தில் கச்சானைச் சுருளில் கட்டி விற்ற அம்மாக்களை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். கோயில் வீதியில் ஒரு பெண் இரவு முழுவதும் தனியாக இருக்கலாம், அவள் விற்பவளாக இருந்தால். சாப்பிடுபவளாக உட்கார இடமில்லை. அந்தச் சிறு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு கடலைத் தாண்டுவோம்.

பிச்சைப் பாத்திரமும் பந்தியும்

கர்நாடக இசைக்கும் சோற்றுக்கும் உள்ள உறவு பழையது. தியாகராஜ சுவாமிகள் திருவையாற்றில் உஞ்சவிருத்தி செய்து வாழ்ந்தவர். பாடிக்கொண்டே வீதி வலம் வருவார். வீடுகளில் இடும் அரிசியே அன்றைய உணவு. இன்றும் திருவையாற்று ஆராதனையில் உஞ்சவிருத்தி ஊர்வலம் நடக்கிறது. கேட்பவர் பாடுபவருக்கு உணவிடுவது முதலாவது ஏற்பாடு.

இரண்டாவது ஏற்பாடு அன்னதானம். கோயிலோ, ஜமீனோ, செல்வரோ விழா எடுக்க, வந்தவர்களுக்கெல்லாம் இலை விழும். நம் ஊர்க் கோயில்களிலும் அதே முறைதான். அதில் பெரும் அன்பு உண்டு. பசித்தவரிடம் காசு கேட்பதில்லை. ஆனால் பந்தி என்பது வரிசை. முதற் பந்தியில் யார், கடைசிப் பந்தியில் யார், யார் எந்தத் தாழ்வாரத்தில் என்பதையெல்லாம் சாதியும் ஆண் பெண் என்பதுமே தீர்மானித்தன. தமிழ்நாட்டில் 1920களின் நடுவில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனியிடத்தில் உணவு பரிமாறப்பட்டதே பெரும் அரசியற் புயலாக வெடித்தது. சேர்ந்து உண்பதா, பிரிந்து உண்பதா என்ற கேள்வி அந்தக் காலத்தின் மையக் கேள்விகளில் ஒன்று.

திருவையாற்றிலேயே இன்னொரு கேள்வியும் இருந்தது. ஆராதனையில் பெண்கள் பாடலாமா? ஆண்களின் கட்சிகள் அதற்கு இடம் தரவில்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள், 1878 இல் பிறந்து தேவதாசி மரபில் வந்த பெரும் பாடகி, தம் நகைகளையும் சேமிப்பையும் செலவிட்டு தியாகராஜரின் சமாதிக்குக் கோயில் எழுப்பினார். 1925 இல் அதற்குக் குடமுழுக்கு நடந்தது. கோயில் கட்டிய அம்மையாருக்கே அங்கே பாட இடமில்லை என்றபோது, அவர் பெண்களைத் திரட்டித் தனியே பாட வைத்தார். 1940களின் தொடக்கத்தில்தான் பிரிந்திருந்த கட்சிகள் ஒன்றுபட்டு, பெண்களுக்கும் இடம் உறுதியாயிற்று. நம் பாடசாலை மாணவிகள் பெயர் அறிந்திருக்க வேண்டிய பெண்களில் நாகரத்தினம்மாள் ஒருவர்.

சபாக்கள் பிறந்தன

மூன்றாவது ஏற்பாட்டை நகரம் தந்தது. சென்னையில் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி சுவாமி சபா இருந்தது. ஆனால் இன்று நாம் அறிந்த மார்கழி விழாவின் வித்து 1927 டிசம்பரில் விழுந்தது. அந்த மாதம் காங்கிரஸ் மகாநாடு சென்னையில் கூடியபோது அதனோடு சேர்த்து அகில இந்திய இசை மகாநாடு ஒன்றும் நடந்தது. அதன் விளைவாக 1928 ஓகஸ்ட் 18 இல் மியூசிக் அகாடமி தொடங்கி வைக்கப்பட்டது. 1932 இல் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி வந்தது. தமிழில் பாடுவதற்குரிய இடத்தைக் கேட்டு எழுந்த தமிழிசை இயக்கத்தின் பேறாக 1943 இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. 1952 இல் அதற்கு ராஜா அண்ணாமலை மன்றம் கிடைத்தது. மியூசிக் அகாடமி பல ஆண்டுகள் பந்தல்களிலும் பிறர் மண்டபங்களிலும் விழா நடத்தி, 1962 இல் தன் சொந்த அரங்குக்குள் குடிபுகுந்தது. கிருஷ்ண கான சபா, நாரத கான சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப் ஆகியன 1950களின் பிள்ளைகள்.

இந்த வரலாற்றில் நம் கரையும் தொலைவில் இருக்கவில்லை. காரைதீவில் 1892 இல் பிறந்த விபுலானந்த அடிகள், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். அவரது யாழ் நூல் 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. 1939 இல் தொடங்கிய திருச்சி வானொலியின் கச்சேரிகள் கடலைத் தாண்டி நம் வீடுகளுக்குள் வந்தன. தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, போட் மெயில் ரயிலில் சென்னை போன இரசிகர்கள் இலங்கையில் பலர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அந்த வழி திறந்திருந்தது.

அப்படிப் போன நம் ஊரார் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் போனால் கணவரோடு போனார்கள். ஏனென்று தேடினால் மறுபடியும் சாப்பாட்டிடமே குறுக்கே வருகிறது.

காபி கிளப்பின் கதவு

சென்னையில் அந்நாளில் வெளியே சாப்பிடுவதென்றால் காபி கிளப். அது ஆண்களின் இடம். அலுவலகம் போகிறவர்களும் அரசியல் பேசுகிறவர்களும் அங்கே கூடினார்கள். பல கடைகளின் பலகையில் பிராமணாள் என்ற சொல் இருந்தது. ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில் பிராமணருக்கெனத் தனி இடம் இருந்தது. நீண்ட எதிர்ப்புக்குப் பின் 1941 இல்தான் அது நீங்கியது. திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப் பலகையில் இருந்த அந்தச் சொல்லை எதிர்த்துப் பெரியார் போராட்டம் நடத்தியது 1957 இல். காசு கொடுத்தால் போதும், யாரும் உட்காரலாம் என்ற நியாயம் நகரத்துக்குள் இவ்வளவு மெதுவாகத்தான் வந்தது.

உடுப்பி கிருஷ்ணராவ் போன்றோர் நடத்திய பெரிய சைவ ஹோட்டல்கள் வந்தபின் நிலைமை சற்று மாறியது. அவருடைய உட்லண்ட்ஸ் 1938 இல் தொடங்கியது. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கென்று திரை மறைத்த பகுதி பல ஹோட்டல்களில் வந்தது. 'குடும்ப அறை' என்ற அந்தப் பெயரையே கவனியுங்கள். பெண் உள்ளே வரலாம், ஆனால் குடும்பமாக. தனியாகவோ இரண்டு தோழியராகவோ வந்தால் பரிமாறுகிறவர் முதலில் கதவைத்தான் பார்ப்பார், பின்னால் யாராவது ஆண் வருகிறாரா என்று.

இதே ஆண்டுகளில் மேடையில் பெரும் மாற்றம் நடந்துகொண்டிருந்தது. வீணை தனம்மாளை அதுவரை அவருடைய வீட்டுக்கே போய்க் கேட்க வேண்டும். சபா வந்தபின் பெண்களின் இசைக்கும் பொது மேடை கிடைத்தது. எம்.எஸ். சுப்புலட்சுமியும் டி.கே. பட்டம்மாளும் 1930களில் சென்னை மேடைகளில் ஏறினார்கள். பெண்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க மறுத்த வித்துவான்கள் இருந்த காலம் அது. பட்டம்மாள் இராகம் தானம் பல்லவி பாடியபோது, அது ஆண்களின் உடைமை என்றிருந்த எண்ணம் உடைந்தது. ஆனாலும் மியூசிக் அகாடமி ஒரு பெண்ணுக்குச் சங்கீத கலாநிதி விருதை வழங்கியது 1968 இல்தான். அதைப் பெற்றவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. 1970 இல் பட்டம்மாள் பெற்றார்.

பெண் முதலில் மேடைக்கு வந்தாள். பிறகு இரசிகையாக நாற்காலிக்கு வந்தாள். கடைசியாகச் சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். அந்த மேசையைப் போட்டது சபாவின் பின்புறத்தில் எழுந்த சிற்றுண்டிச்சாலை, சென்னைவாசிகள் கேன்டீன் என்று அன்போடு சொல்லும் அந்தக் கொட்டகை.

கொட்டகைக்குள் ஒரு நாள்

இசை விழா நாள் முழுவதும் நீளத் தொடங்கியபோது கேன்டீன் அவசியமாயிற்று. மியூசிக் அகாடமியில் காலை 8 மணியளவில் விளக்க உரைகள் தொடங்கும். நண்பகலில் இளையவர்களின் கச்சேரிகள், பெரும்பாலும் கட்டணமின்றி. மாலை 4 மணியளவில் ஒன்று, இரவு 7 மணியளவில் மற்றொன்று. இதை ஒழுங்காகக் கேட்பவருக்குக் காலை உணவு, மதியச் சாப்பாடு, மாலைப் பலகாரம் மூன்றுமே வீட்டுக்கு வெளியில்தான். வீட்டுக்குப் போய் வர நினைத்தால் சென்னையின் வீதிகள் இரண்டு கச்சேரிகளை விழுங்கிவிடும்.

ஆகவே ஒவ்வொரு சபாவும் விழாக் காலத்துக்கு ஒரு சமையற்காரரை அமர்த்திக்கொள்கிறது. கல்யாணங்களுக்குச் சமைத்துப் பெயர் எடுத்தவர்களே பெரும்பாலும் வருவார்கள். அறுசுவை நடராஜன், மின்ட் பத்மநாபன், பெயரிலேயே மவுண்ட்பேட்டனைச் சுமந்த மணி ஐயர், ஞானாம்பிகா ஆகிய பெயர்கள் பாடகர்களின் பெயர்களுக்கு நிகராக மார்கழியில் உச்சரிக்கப்பட்டவை. எந்த ஆண்டு எந்தச் சபாவில் யார் என்பது மாறிக்கொண்டே இருக்கும். அதனால் போகுமுன் விசாரித்துக்கொள்வது நல்லது.

முறை எளியது. காசு கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். மதியம் வாழையிலைச் சாப்பாடு. மாலையில் அடை அவியல், ரவா தோசை, கீரை வடை, வாழைப்பூ வடை, வெண்பொங்கல். இனிப்பில் காசி அல்வாவும் அக்காரவடிசலும் பேர் போனவை. காசி அல்வா என்பது நீற்றுப்பூசணிக்காயில் செய்வது. அக்காரவடிசல் நம் சர்க்கரைப் புக்கைக்கு உறவு, ஆனால் தேங்காய்ப்பாலுக்குப் பதில் பசும்பாலில் குழைவது. முடிவில் வடிகட்டிய காபி. பெரும்பாலான சபாக்களில் கச்சேரிக்கு நுழைவுச் சீட்டு இல்லாதவரும் கேன்டீனில் சாப்பிடலாம். பாட்டுக் கேளாமல் சாப்பாட்டுக்கு மட்டும் வந்து போகிறவர்களைப் பற்றிச் சென்னையில் கேலிக் கதைகள் நிறைய.

இடம் தெரியாதவர்களுக்கு ஒரு குறிப்பு. மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் டி.டி.கே. சாலையிலேயே இருக்கின்றன. மயிலாப்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப், ரசிக ரஞ்சனி சபா, பாரதிய வித்யா பவன் மூன்றும் உண்டு. கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மெஸ்களும் அருகில் இருப்பதால், அந்தப் பக்கம் தங்குகிறவர்களுக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை. தியாகராய நகரில் வாணி மகாலும் கிருஷ்ண கான சபாவும் இருக்கின்றன. தமிழ் இசைச் சங்கத்தின் அண்ணாமலை மன்றம் உயர் நீதிமன்றத்துக்கு அருகே, சற்றுத் தூரம். அன்றைக்கு அந்தப் பக்கத்திலேயே சாப்பிட்டுவிடுவது உத்தமம். பழைய தலைமுறையினர் உருகிப் பேசும் உட்லண்ட்ஸ் டிரைவ் இன்னைத் தேட வேண்டாம். 1962 இல் திறந்த அந்த மரநிழல் உணவகம் 2008 இல் மூடப்பட்டது. இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா இருக்கிறது.

அந்தக் கேன்டீனில் நம் கண்ணில் முதலில் படுவது உணவல்ல, உட்கார்ந்திருப்பவர்கள்தான். எழுபது வயதைத் தாண்டிய அம்மாமார் தனியாக வந்து, தாமே சீட்டு வாங்கி, நீண்ட மேசையில் முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைய தோடி இராகத்தைப் பற்றி வாதாடிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். யாருக்கும் அவர்கள் பரிமாறவில்லை. பிள்ளைக்குத் தீத்தவில்லை. கணவர் எங்கே என்று எவரும் கேட்பதில்லை. வீட்டில் இரவுச் சாப்பாடு என்ன ஆயிற்று என்றும் எவரும் கேட்பதில்லை. ஓய்வூதியம் பெறும் ஆசிரியையும், வெளிநாட்டிலிருந்து வந்த பேத்தியும், பாடுவதற்குக் காத்திருக்கும் இளம் பெண்ணும் ஒரே பலகையில் இருக்கிறார்கள். நம் அம்மாமார் கூத்துக்களரியில் இருந்த இருப்போடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், இந்த மேசையின் மதிப்பு விளங்கும்.

குறைகளும் உண்டு

இதைப் பொன்னுலகமாகக் காட்டக் கூடாது. காசுக்கு உணவு என்ற ஏற்பாடு சாதி, பால் வேலிகளைத் தாண்ட உதவியது. அதுவே காசு என்ற வேலியையும் எழுப்பியது. சபாவின் பெரிய கச்சேரிக்குச் சீட்டும் வாங்கி, கேன்டீனில் இலையும் போட எல்லாராலும் முடியாது. அன்னதானத்தில் இருந்த அந்தக் கேள்வி கேளாத அன்பு இங்கே இல்லை. சமையலும் ஏறத்தாழ முழுவதும் ஒரே வகைச் சைவச் சமையல், ஒரே சமூகத்தின் சுவை. சென்னையை யுனெஸ்கோ 2017 இல் இசைக்கான படைப்பு நகரங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அந்த நகரத்தின் கானாவும் பறையும் நாதஸ்வரமும் அந்தக் கொட்டகைகளுக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன என்ற கேள்வி இன்னும் இருக்கிறது.

இன்னொன்று, தனி ஆவர்த்தனம். பிரதான உருப்படி முடிந்து மிருதங்கமும் கடமும் தனியே முழங்கும் நேரம். கச்சேரியில் அதற்கு முன்னும் பின்னும் இல்லாத உழைப்பு அந்தப் பத்துப் பதினைந்து நிமிடங்களில் இருக்கும். சரியாக அப்போதுதான் அரங்கில் பாதிப் பேர் எழுந்து கேன்டீனை நோக்கி நடப்பார்கள். மத்தளத்தோடு வளர்ந்த மட்டக்களப்புப் பெண்களாகிய நாம் அந்தப் பாவத்தைச் செய்யக் கூடாது. வடை ஆறினாலும் பரவாயில்லை.

வைத்தியத் துறையினர் சொல்ல வேண்டியவை

நம் சங்கத்தில் வைத்தியத் துறைக்கு வந்தவர்கள் பலர் இருக்கிறோம். விழாவுக்குப் போகும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கச்சேரிக்காக ஒரு வேளை உணவைத் தள்ளிப்போடக் கூடாது. மருந்து உள்ளே போய் உணவு போகாவிட்டால் சீனி இறங்கி, குளிரூட்டிய அரங்கில் வியர்த்து மயங்குவோம். பக்கத்தில் இருப்பவர் இசையில் உருகுகிறோம் என்று நினைத்துக்கொள்வார். கைப்பையில் நாலு பிஸ்கட்டும் கொஞ்சம் சர்க்கரையும் இருக்கட்டும். காசி அல்வாவை முழுதாக மறுக்க வேண்டாம். இரண்டு பேர் ஒன்றைப் பகிர்ந்துகொண்டு, அந்த வேளை சோற்றைக் குறைத்தால் போதும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஊறுகாய், அப்பளம், வற்றல் குழம்பு மூன்றும் ஒரே இலையில் வருவதைக் கவனிக்க வேண்டும். மாலை 6 மணிக்குப் பிறகு குடிக்கும் காபி நள்ளிரவில் கணக்குக் கேட்கும். இரண்டு கச்சேரிகளுக்கிடையே ஒரு சபாவிலிருந்து அடுத்ததற்கு நடந்து போக முடிந்தால் நடந்து போங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது தண்ணீர். நம் பெண்கள் வெளியே போகும் நாட்களில் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பதில்லை. கழிப்பறை எங்கே இருக்கும், எப்படி இருக்கும் என்ற பயம். பாடசாலை நாட்களிலேயே இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டோம். நாற்பது வயதுக்குப் பிறகு அதன் விளைவைச் சிறுநீர்த் தொற்றாகவும் மலச்சிக்கலாகவும் தலையிடியாகவும் எங்கள் அறைகளில் பார்க்கிறோம். ஒரு பெண் பொது இடத்தில் இருக்கலாம் என்பதற்குச் சாப்பாட்டு மேசை பாதி அத்தாட்சி. சுத்தமான கழிப்பறை மற்றப் பாதி. ஓர் அரங்கைத் தெரிவு செய்யும்போது இரண்டையும் விசாரியுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். கேட்கக் கேட்கத்தான் வரும்.

போரும், அதற்குப் பிறகும்

இந்தக் கதையில் நம் தலைமுறைக்கு ஒரு பெரிய இடைவெளி உண்டு. போர்க்காலத்தில் பொழுது பட்டால் வீதியில் எவரும் இல்லை. விடிய விடிய நடக்க வேண்டிய கூத்துகள் சுருங்கின, பல ஊர்களில் நின்றே போயின. 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமான வந்தாறுமூலை வளாகம், 1990 இல் அகதி முகாமாக இருந்தது. அங்கே வரிசையில் நின்று வாங்கி உண்டவர்கள் நம் சங்கத்திலும் இருக்கிறார்கள். பந்தியும் வரிசையும் வேறு வேறு என்பதை அவர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. அங்கிருந்து கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்களின் வீட்டுப் பெண்கள் பலர், பிறகு அப்பம் சுட்டும் இடியப்பம் அவித்தும் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் நம்மோடு ஒரே வகுப்பில் இருந்தார்கள். 2004 மார்கழி 26 இல், சென்னையில் விழா நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், ஆழிப்பேரலை அங்கே மெரினாவையும் இங்கே கல்லடியையும் நாவலடியையும் ஒரே காலையில் அடித்தது. அந்த வாரம் நம் பக்கத்துப் பாடசாலை மண்டபங்களில் ஊர்ப் பெண்கள் இரவு பகலாகச் சமைத்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு நல்ல மாற்றமும் வந்தது. வடமாகாணத்தில் பெண்களே சமைத்து, பெண்களே விற்று, பெண்களே கணக்குப் பார்க்கும் அம்மாச்சி உணவகங்கள் திறக்கப்பட்டன. தெற்கில் ஹெல போஜுன் என்ற பெயரில் அதே முறை. அங்கே தோசையும் கீரை வடையும் இலைக்கஞ்சியும் நம் கண்முன்னே சுடச்சுடத் தயாராகும். சென்னைக் கேன்டீனில் பெண் மேசையில் உட்காருகிறாள், அடுப்பில் இன்னும் பெரும்பாலும் ஆண்களே நிற்கிறார்கள். அம்மாச்சியில் அடுப்பும் கல்லாப் பெட்டியும் பெண்களின் கையில். கச்சான் விற்ற அம்மா கடைசியில் கூரையுள்ள ஓர் இடத்துக்கு வந்துவிட்டாள் என்று சொல்லலாம்.

நூற்றாண்டு இரவுக்கு ஒரு வேண்டுகோள்

லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கும் நம் சகோதரிகள் பிள்ளைகளின் அரங்கேற்றங்களுக்கும் இசை விழாக்களுக்கும் மண்டபம் எடுக்கிறார்கள். இடைவேளையில் வடையும் ரோல்ஸும் தேநீரும் வருகின்றன. அவற்றை அடுக்கி வைக்கும் பெண்கள் மேடையில் வர்ணம் ஆடப்படும்போது குசினியில் நிற்கிறார்கள். நமது பாடசாலை விழாக்களிலும் இதே வழக்கந்தான். பெரிய மண்டபத்தில் பாட்டு நடக்கும். பின்னால் நம்மில் பத்துப் பேர் இலை துடைத்துக்கொண்டும் சம்பல் இடித்துக்கொண்டும் இருப்போம். ஜன்னல் வழியே வந்த பாட்டுத்தான் நாம் கேட்ட பாட்டு. நூறு ஆண்டுகளில் எத்தனை இசை நிகழ்ச்சிகளை நம் முன்னோர் அந்த ஜன்னல் வழியே கேட்டிருப்பார்கள்!

நூற்றாண்டு விழாவின் இசை இரவுக்கு அதனால் ஒரு சிறு வேண்டுகோளை முன்வைக்கிறோம். அன்றைய சமையலை ஊரில் உணவுக் கடை நடத்தும் பெண்களிடம் உரிய விலை கொடுத்து ஒப்படைப்போம். கச்சேரி தொடங்குமுன் எல்லாரும் ஒரே நேரத்தில் உண்போம். முதற் பந்தி, கடைசிப் பந்தி என்று வேண்டாம். காசு கொடுக்க முடியாத பழைய மாணவிக்கும் இலை உண்டு, அதை எவரும் அறிய வேண்டியதில்லை. பாட்டுத் தொடங்கியதும் சமையற்கட்டைப் பூட்டிவிடுவோம். சமைத்தவர்களுக்கும் பரிமாறியவர்களுக்கும் முன்வரிசையில் பெயர் எழுதிய நாற்காலிகள் இருக்கட்டும். தனி ஆவர்த்தனம் முடியும் வரை ஒருவரும் எழ வேண்டாம். பாத்திரங்கள் விடியும் வரை காத்திருக்கும்.